உண்ணாச் சான்று

கண்ணுக்குப் புலப்படாதது, எண்ணில் அடங்காதது, எங்கும் நிறையவல்லது என்று சொல்லப்படும் ஒன்றின் முன்னே மனிதர்கள் குரல் தாழ்த்தி நிற்பது புதிதன்று. அதற்கு வருகைப் பதிவேடு வைத்த பெருமை மட்டும் நெகிழி உண்ணுயிர்ப் பேரவையையே சாரும்.

பேரவையின் நடுக்கூடத்தில் பத்தடி உயரக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. தொட்டியில் வெதுவெதுப்பான நீர். நீருக்குள், மரபணுவைத் திருத்தி ஆய்வகத்தில் ஆக்கிய நுண்ணுயிரி, கோடானுகோடி. பிளாஸ்டிக் பையையும் புட்டியையும் தின்று செரித்து, மிச்சமின்றிக் காற்றும் நீருமாக்கிவிடும் என்பது அதைப் பற்றிய செய்தி. அதற்கு ‘அரசுயிர்’ என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். காலை ஒன்பதரைக்கு எழுத்தர் ஒருவர் தொட்டியின் முன் நின்று, உள்ளே ஒருமுறை உற்று நோக்கி, ‘அனைவரும் வருகை’ என்று எழுதிக் கையெழுத்திடுவார். விடுப்பே எடுக்காத ஒரே பிரிவு இதுதான் என்று ஆண்டறிக்கை அகமகிழ்ந்தது.

பேரவையின் வடக்கு மதிலை ஒட்டிய தெருவில் குழாய்க்காரர் ஒருவர் குடியிருந்தார். முப்பது ஆண்டாகக் குழாய் பொருத்துகிறவர். எந்த வீட்டில் எந்த வளைவில் தண்ணீர் தயங்கி நிற்கும் என்பதைச் சுவரில் கை வைத்தே சொல்லிவிடுவார். அத்தனை அறிந்தவர், அரசு அலுவலகத்தையும் ஒரு குழாய் என்று எண்ணியதுதான் பிழை. ஒரு முனையில் ஊற்றினால் மறுமுனையில் வந்தே தீரும் என்று மனமார நம்பினார்.

அவர் மனைவி பதினெட்டு ஆண்டுகள் குப்பைக் கிடங்கில் பிளாஸ்டிக் பிரித்தவர். கிடங்கு நிரம்பும்போதெல்லாம் அதைக் கொளுத்துவார்கள். கொளுத்திய பிறகு மீந்ததை இவர் பிரிப்பார். அந்தப் புகை நுரையீரலில் குடியேறிவிட்டது. இப்போது வீட்டு மூலையில் ஆக்சிஜன் மெஷின் ஒன்று ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஏழு முழ நீளத்தில் மெல்லிய பிளாஸ்டிக் டியூப் ஒன்று வந்து, இரு காதுகளிலும் தொங்கி, மூக்கில் முடியும். ஏழு முழத்துக்குள் அடுப்பு இருந்தது, கட்டில் இருந்தது, வாசற்படியும் இருந்தது. “கால் மணி நேரம் டியூப் இல்லாம தாங்குவாங்க. அரை மணி ஆச்சுன்னா என்னைக் கேக்காதீங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அரசுயிரின் திறப்பு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில் பேரவையின் ஆணை மதிலில் ஒட்டப்பட்டது. பேரவையைச் சுற்றி ஐந்நூறு அடிக்குள் உள்ள பிளாஸ்டிக் யாவும் இன்றுமுதல் அரசுயிரின் உணவு. அவ்வட்டம் ‘உணவு வட்டம்’ எனப்படும். அரசுயிரின் உணவைத் தனியார் தொடுவது குற்றம். விலக்கு வேண்டுவோர், தம் பொருளை அரசுயிர் உண்ணாது என்பதற்கான ‘உண்ணாச் சான்று’ பெறுக.

தெருவார் பக்கெட்டுகளைப் பரண்மேல் ஏற்றினார்கள். எதிர்வீட்டில் குடத்தைக் கட்டிலில் கிடத்திப் போர்வை போர்த்தி, மாமனாருக்குக் காய்ச்சல் என்றார்கள். ஒருவரும் விண்ணப்பம் எழுதவில்லை. ஒருவர் வீட்டிலும் சோதனை நடக்கவில்லை.

“நாமளும் ஒளிச்சு வச்சிடலாம்ங்க” என்றார் மனைவி. “மூக்குல மாட்டிக்கிட்டு எங்க ஒளிக்கிறதுன்னுதான் தெரியல.”

“ஒளிக்கறதுக்கு நாம என்ன திருடினோமா? எழுதிக் குடுத்தா தந்துடப் போறாங்க. ஒரு காகிதம்தானே.”

“நீங்க காகிதத்த நம்பறீங்க. நான் பதினெட்டு வருஷம் காகிதத்தக் குப்பையில பாத்தவ.”

அவர் சிரித்துவிட்டு, வெளுத்த சட்டை ஒன்றை அணிந்துகொண்டு, பேரவைக்குப் போனார்.

விலக்குப் பிரிவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ‘இது பிளாஸ்டிக் அன்று, அலுவலக உடைமை’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. துணை இயக்குநர் அம்மையார் பிளாஸ்டிக் கோப்புறையைப் பிளாஸ்டிக் பேனாவால் தட்டியபடி கேட்டார்.

“என்ன பொருள்?”

“மூச்சு விடற டியூப்புங்க மேடம். என் வீட்டுக்காரிக்கு. உங்க அரசுயிர் அதத் தின்னாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னாப் போதும்.”

“தின்னாதா?” அம்மையாரின் பேனா நின்றது. “தின்னாதுன்னு நான் எழுதினா என்ன அர்த்தம் தெரியுமா? பன்னிரண்டு வருஷ ஆராய்ச்சி ஒரு மூக்கு டியூப்கிட்ட தோத்துப் போச்சுன்னு அர்த்தம்.”

“அப்போ தின்னும்னே எழுதுங்க மேடம். ஆபத்து, தள்ளி வைங்கன்னு.”

“அரசுயிரால மனுஷனுக்கு ஆபத்துன்னு என் கையால எழுதச் சொல்றியா?”

“தின்னும்னும் எழுத முடியாது, தின்னாதுன்னும் எழுத முடியாதுன்னா, இந்தப் பிரிவுல என்னதாங்க எழுதறீங்க?”

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அறியும் ஆவலில்தான் கேட்டார். அம்மையாரும் கோபிக்கவில்லை. “எழுத முடியாதத எழுதறது லேசான வேலையா? அதுக்குத்தான் இங்க இருபத்து மூணு பேர் இருக்கோம்” என்று பெருமிதத்தோடு கூறி, படிவத்தை நீட்டினார்.

படிவம் பதினான்கு பக்கம். ஆறாம் பக்கத்தில் ‘மூச்சு விடுவதற்கான காரணம்’ என்றொரு கட்டம். குழாய்க்காரர் நெடுநேரம் யோசித்து, ‘வேறு வழியில்லை’ என்று எழுதினார். எழுத்தர் அதை அடித்துவிட்டு, “தனிப்பட்ட காரணம்னு போடுங்க, கேள்வி வராது” என்று அன்போடு திருத்தினார். டியூப்புடன் ஒரு புகைப்படமும் டியூப் இல்லாமல் ஒரு புகைப்படமும் கேட்டார்கள். இரண்டாவதில் மனைவியின் முகம் கலங்கித் தெரிந்ததால், இயல்பான முகத்தோடு மீண்டும் எடுத்துவரச் சொன்னார்கள். அடியும் முடியும் காண ஒண்ணாதபடி கோப்பு வளர்ந்தது. அவர் கேட்டதையெல்லாம் கொடுத்தார். அந்த வட்டத்துக்குள் ஒரு குறையும் இல்லாமல் நிறைவுற்ற கோப்பு அது ஒன்றே ஆயிற்று.

இரண்டாம் வாரம் பேரவையிலிருந்து ஆள் வந்தது. சான்று வந்துவிட்டது என்று எண்ணி ஓடினார். சான்று அன்று, தொட்டிக்கு நீர் போகும் குழாயில் கசிவு. பேரவையின் பொறியாளர் மூவர் அதைப் பார்வையிட்டு, கசிகிறது என்று ஒருமனதாக அறிக்கை தந்திருந்தார்கள்.

குழாய்க்காரர் மண்டியிட்டு இணைப்பைத் திருகினார். உள்ளே வெண்ணிறப் பொருக்கு படிந்திருந்தது. மூக்கைத் துளைக்கும் நெடி. நிமிர்ந்து பார்த்தால், துப்புரவுப் பணியாளர் அம்மா ஒருவர் ஏணியில் நின்று, இரண்டு வாளி மருந்து நீரைத் தொட்டிக்குள் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா ஊத்தறீங்க?”

“கிருமிநாசினி.”

“தொட்டிக்குள்ளயேவா?”

“பின்ன? உள்ள இருக்கறவருக்குக் கிருமி எதுவும் அண்டக் கூடாதுல்ல? மூணு வேளை. பெரிய ஆளுங்க வர்ற அன்னிக்கு அஞ்சு வேளை.”

குழாய்க்காரர் திருகுச் சாவியைக் கீழே வைத்தார். “ஏம்மா, உள்ள இருக்கறதே கிருமிதானே?”

அந்த அம்மா ஏணியிலிருந்து இரண்டு படி இறங்கி, குரலையும் அதே அளவு இறக்கினார். “சத்தமாச் சொல்லாதீங்க. போன மாசம் இப்படிக் கேட்டவரத் தூக்கிப் பழைய பேப்பர் அறையில போட்டுட்டாங்க. அங்க ஜன்னல்கூட இல்ல.”

தொட்டிக்குள் பைகளும் மூடிகளும் உறிஞ்சுகுழல்களும் மிதந்தன. பிறந்த நாள்முதல் அவை இத்தனை தூய்மையாக இருந்திருக்க மாட்டா. ஒன்றிலும் ஒரு கடி இல்லை. ஓர் ஓரம் தேயவில்லை. முப்பதாண்டுப் பழக்கத்தில் ஏணியில் ஏறி ஒன்றைக் கையிலெடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். புத்தம் புதியதாய்க் கிறீச்சிட்டது.

அவருக்கு வருத்தம் வரவில்லை, மகிழ்ச்சி பொங்கியது. செத்த ஒன்று எதையும் தின்னாது. தின்னாதென்றால் சான்று தரலாம். இத்தனை எளிய செய்தி தெரியாமல் அல்லவா இவர்கள் தவிக்கிறார்கள் என்று இயக்குநரின் அறைக்குப் போனார்.

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். அவருக்குப் பின்னால் சுவரில் அரசுயிரின் உருவப்படம் சட்டமிட்டுத் தொங்கியது. ஒரு நீல வட்டம், அதற்குள் ஒன்றுமில்லை.

“செத்துப் போச்சுன்னு சொல்றியே, கண்ணால பாத்தியா?”

“கண்ணுக்குத் தெரியாதுங்களே ஐயா.”

“உயிரோட இருந்தப்ப பாத்திருக்கியா?”

“இல்லைங்க.”

“உயிரோட இருந்தப்பவும் தெரியல, இப்பவும் தெரியல. வித்தியாசத்த மட்டும் எப்படிக் கண்டுபிடிச்ச?”

இயக்குநர் கனிவோடு தொடர்ந்தார். “உன்னைக் குத்தம் சொல்லல. படிக்காதவன். கிருமிங்கறது எங்கயும் பதிவு ஆகாதது. நம்மோடது முறையாப் பதிவு ஆனது. அந்த மருந்துக்கு அந்த வேறுபாடு தெரியும். டெண்டர்லயே அப்படித்தான் போட்டிருக்கோம்.”

“அப்போ டியூப்பு, ஐயா...”

“ஒரு பொம்பள மூச்சு விடணும்கறதுக்காக நாடு முழுக்க ஆராய்ச்சிய நிறுத்தச் சொல்ற?”

“நிறுத்தச் சொல்லலைங்க. ஒரு வரி எழுதத்தான்...”

இயக்குநர் ஒரு வரி எழுதினார். கோப்பின் ஓரத்தில், பச்சை மையில்: ‘மனுதாரர் அரசுயிரின் பசியை ஐயுறுகிறார். அசல் டியூப்பைப் பெற்று ஆய்க.’

அசலைக் கொடுத்தால் மனைவி எதில் மூச்சு விடுவார் என்று விலக்குப் பிரிவில் கேட்டார். ஒப்புகைச் சீட்டு தருவோம் என்றார்கள். வட்டத்துக்கு வெளியே வேறு டியூப் வாங்கலாம். வாங்கியதை வட்டத்துக்குள் கொண்டுவரச் சான்று வேண்டும். ரப்பர்க் குழாய் கூடாது. ரப்பர் பிளாஸ்டிக்கின் பங்காளி என்று அட்டவணையில் இருந்தது.

அன்று பட்டறையில் குந்தி, குளிர்பதனப் பெட்டிக்கு வைக்கும் மெல்லிய செம்புக் குழாயை எடுத்தார். தீயில் காட்டி இளக்கி, கட்டைவிரலால் நீவி நீவி வளைத்தார். மூக்கில் நுழையும் முனைகளை நகம்போல் மழமழப்பாக அரம் போட்டார். காதில் உரசும் இடங்களில் பஞ்சு சுற்றினார். நல்ல வேலை. அவர் வாழ்நாளில் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான்.

மனைவி கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். “கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஒரு குண்டுமணி செஞ்சு போடல. இப்ப மூக்குல ஆரம்பிச்சுக் காது வரைக்கும் ஒரே வீச்சுல போட்டுட்டீங்களே.”

“செம்புதான்.”

“இருக்கட்டும். தங்கத்துலயா மூச்சு விட முடியும்?”

வளைந்து கொடுக்காத குழாயாதலால் ஏழு முழ உலகம் ஒரு முழமாகச் சுருங்கியது. மனைவி மெஷினின் பக்கத்திலேயே, கட்டுத்தறி மாடுபோல், ஒருக்களித்து இருந்தார். ஆயினும் காற்று வந்தது. பழைய டியூப்பைச் சுருட்டி, உறையிலிட்டு, குழாய்க்காரர் பேரவையில் ஒப்படைத்தார். ஒப்புகைச் சீட்டை மனைவியின் தலைமாட்டில் வைத்தார்.

திறப்பு விழா நாள் விடிந்தது. பேரவைத் தலைவர் வரவிருந்ததால் தெருவின் இரு முனையிலும் தடுப்புக் கட்டி, வண்டி எதுவும் புகாதபடி செய்திருந்தார்கள். ஒன்பது ஐம்பதுக்கு உணவு வட்ட ஆய்வாளர் இரண்டு பேரோடு வாசலில் நின்றார்.

“செம்புக் குழாய் வச்சிருக்கீங்களாமே?”

“ஆமாங்க. பிளாஸ்டிக்கே இல்ல, பாருங்க” என்று குழாய்க்காரர் பெருமையோடு காட்டினார்.

“செம்பு நுண்ணுயிரியைக் கொல்லும். விஞ்ஞானம். வட்டத்துக்குள்ள செம்பு இருந்தா அரசுயிர் உயிருக்கு ஆபத்து. நேத்து சாயங்காலம் ஆணை வந்துடுச்சு.”

“நீங்க ஊத்தற மருந்து?”

“அது சுகாதாரம்.”

குழாய்க்காரர் வாசலை மறித்து நின்றார். ஆய்வாளர் கல்நெஞ்சக்காரர் அல்லர். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் உடையவர். தோளில் கைபோட்டுச் சொன்னார்: “எதுக்குப் பயப்படறீங்க? பத்து மணிக்கு விழா. தலைவர் கையால உங்களுக்குச் சான்று, கூடவே உங்க டியூப்பு, தட்டுல வச்சு. உங்க கோப்பு ஒண்ணுதான் முழுசா இருக்கு. மேடையில குடுக்க வேற ஆளே கிடைக்கல. பத்து அஞ்சுக்கு ஓடி வந்துடலாம்.”

மனைவி தாமே செம்பைக் கழற்றினார். “குடுத்துடுங்க. கால் மணி நேரந்தானே. மெஷின் வாயில மூக்க வச்சுக்கிட்டுக் கிடக்கறேன். நீங்க போய் நம்மோடத வாங்கிட்டு வாங்க.” பிறகு, அவர் நகராதது கண்டு, “போங்கன்னா! தலைவர் பக்கத்துல நிக்கறப்ப அந்தக் காலரை மடிச்சு விட்டுக்கோங்க” என்றார்.

எதிர்வீட்டு அக்கா வந்து உட்கார்ந்துகொண்டார். குழாய்க்காரர் கைபேசியை இறுகப் பிடித்தபடி மதிலைச் சுற்றி ஓடினார்.

நடுக்கூடத்தில், தொட்டியின் முன்னே போட்ட மேடையில் எட்டு நாற்காலி. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பிளாஸ்டிக் புட்டித் தண்ணீர். பிளாஸ்டிக் தாள் சுற்றிய மலர்க்கொத்துகள் மலைபோல் குவிந்திருந்தன. ஓரத்து மேசைமீது வெள்ளித் தட்டில், பட்டு விரித்து, அவருடைய டியூப் சுருண்டு கிடந்தது. அவரை முதல் வரிசையில் அமர்த்தினார்கள். எட்டிக் கைநீட்டினால் எடுத்துவிடலாம் என்னும் தொலைவு.

தலைவர் பத்து பதினைந்துக்கு வந்தார். இயக்குநர் வரவேற்றார். “இந்த நுண்ணுயிரி இதுவரை எவ்வளவு நெகிழியைத் தின்றது என்று சிலர் கேட்கிறார்கள். எண்ணிக்கையில் அடங்காத ஒன்று தின்றதை எண்ணிக்கையில் அடக்க முடியுமா?” கைதட்டல். துணை இயக்குநர் அம்மையார் பேசினார். “விலக்குப் பிரிவு இதுவரை ஒரு விலக்கும் அளித்ததில்லை. ஒரு முறைகேடும் இல்லாத பிரிவு என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?” இன்னும் பெரிய கைதட்டல்.

தலைவர் எழுந்தார். “நெகிழியை ஒழிப்பது எளிது, பெருமக்களே! மக்களின் கையிலிருக்கும் நெகிழியை ஒழிப்பதுதான் அரிது. அதை அவர்கள் மூச்சுபோல் பற்றிக்கொண்டிருக்கிறார்கள்! அந்த மூச்சை விடச் செய்வதே நம் கடமை!”

அரங்கம் அதிர்ந்தது. அந்த அதிர்வுக்குள் குழாய்க்காரரின் கைபேசி நடுங்கியது. எதிர்வீட்டு அக்கா.

“தம்பி, நகமெல்லாம் நீலமாகுதுப்பா. கூப்பிட்டா கண்ணத் திறக்கறா, பேச மாட்டேங்கறா. வாப்பா.”

அவர் எழுந்து அம்மையாரிடம் குனிந்தார். “மேடம், சான்று வேணாம். டியூப்ப மட்டும் குடுங்க.”

“உட்காரு. நிகழ்ச்சி நிரல்ல நீ ஒன்பதாவது. இப்ப நாலுதான் ஓடுது.”

“அவ செத்துப் போயிடுவா மேடம்.”

“அதுக்குத்தான் சொல்றேன். இடையில எழுந்தா நிகழ்ச்சி இன்னும் லேட்டாகும்.”

அப்போதுதான், வாழ்நாளில் முதன்முறையாக, அவர் ஒரு கூட்டத்தில் குரல் எழுப்பினார்.

“அது செத்துக் கிடக்குது! மூணு வேளையும் மருந்து ஊத்தி நீங்களே கொன்னுட்டீங்க! செத்தது எதையும் தின்னாது. என் டியூப்பக் குடுங்கய்யா!”

தலைவர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் துணை இயக்குநரைப் பார்த்தார். அவர் சுவரோரம் நின்ற ஆய்வகப் பெண்ணைப் பார்த்தார். நுண்ணோக்கியைத் துடைத்து மூடுவதே அவளுடைய வேலையாக இருந்தது. தொட்டியிலிருந்து ஒரு துளி எடுத்து, குனிந்து, பார்த்தாள்.

“ஒண்ணும் அசையலைங்க.”

“எத்தனை நாளா?”

“வந்த அன்னிலேருந்துங்க. யாரும் கேக்கல.”

வேறொருவராயின் தடுமாறியிருப்பார். தலைவர் தடுமாறவில்லை. திறப்பு விழாவில் சொல் குழறியவர்கள் உண்டு. இரங்கல் கூட்டத்தில் குழறிய தலைவர் எவருமில்லை. கண்ணாடியைக் கழற்றினார், குரல் தழுதழுத்தது.

“நம் அரசுயிர் நம்மை விட்டுப் பிரிந்தது. உண்ண மறுத்து உயிர் நீத்ததா, உழைத்துக் களைத்து நீத்ததா, வட்டத்துக்குள் மறைத்து வைத்த செம்பினால் நீத்ததா என்பதை விசாரணை சொல்லும். வாய் பேசாமல், ஊதியம் கேளாமல், விடுப்பு எடுக்காமல் பணியாற்றிய கோடானுகோடிப் பேரை ஒரே நாளில் இழந்தோம். பேரவையின் கொடி மூன்று நாள் பாதியில் பறக்கும். இப்போது இரண்டு நிமிடம் அனைவரும் அசையாது நின்று அஞ்சலி செலுத்துவோம்.”

நாற்காலிகள் பின்னே நகர்ந்தன. எழுநூறு தலைகள் கவிழ்ந்தன. அந்தக் கவிழ்ப்பில்தான் குழாய்க்காரர் தட்டிலிருந்து டியூப்பை உருவிக்கொண்டு ஓடினார். அத்தனை பெரிய கூடத்தில் அசைந்தவர் அவர் ஒருவரே. கண் மூடியிருந்ததால் எவரும் காணவில்லை.

வாயிற்கதவு பூட்டியிருந்தது. காவலாளி கைகளைத் தொடையோடு ஒட்டி, விறைத்து நின்றார்.

“கதவத் திறங்கண்ணே.”

காவலாளியின் உதடு அசையாமல் சொல் வந்தது. “ரெண்டு நிமிஷம் யாரும் அசையக் கூடாதுன்னு மைக்குல சொல்லிட்டாங்க.”

“சாவியக் குடுங்க, நான் திறந்துக்கறேன்.”

“சாவி எடுக்கணும்னா கை அசையணும்ல?”

“என் பொண்டாட்டி மூச்சு இதுல இருக்குண்ணே!”

“புரியுது. எனக்கும் குடும்பம் இருக்கு. மெதுவாப் பேசுங்க. இன்னும் ஒண்ணேகால் நிமிஷம்.”

குழாய்க்காரர் கம்பிகளைப் பற்றி நின்றார். அங்கிருந்து அவர் வீட்டுக் கூரை தெரிந்தது. தெரு முழுதும் வாய்மூடிய அந்தப் பேரமைதியில், மதிலுக்கு அப்பாலிருந்து ஒரே ஓர் ஒலி வந்தது: மெஷினின் முனகல். அது தன் வேலையைச் செவ்வனே செய்துகொண்டிருந்தது.

இரண்டு நிமிடம் நான்காயிற்று. கடிகாரம் பார்க்கும் பொறுப்பு இயக்குநருடையது. கண்ணைத் திறந்து கடிகாரம் பார்ப்பது மறைந்த உயிருக்கு மரியாதைக் குறைவு என்று அவர் கருதினார். தலைவர் முடிக்கட்டும் என்று அவரும், அவர் முடிக்கட்டும் என்று தலைவரும், ஒருவர்க்கொருவர் பணிவு காட்டி நின்றார்கள். ஐந்தாம் நிமிடம் தலைவரின் கைபேசி ஒலித்தது. அஞ்சலி நிறைவுற்றது.

காவலாளி பாய்ந்து கதவைத் திறந்தார். “ஓடுங்க, ஓடுங்க! வெளியேறும் சீட்டு அப்புறமா வாங்கிக்கறேன்.”

வீட்டில் எதிர்வீட்டு அக்கா தரையில் அமர்ந்திருந்தார். மடியில் மனைவியின் தலை. மூக்கு மெஷினின் வாயருகே. குழாய்க்காரர் டியூப்பை மெஷினில் செருகினார். காதின் பின்னால் ஒரு புறம், மறுபுறம் என்று மாட்டி, முனைகளை மூக்கில் பொருத்தினார். எங்கேனும் மடிந்திருக்கிறதா என்று அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தார். மடிப்பில்லை, கசிவில்லை, காற்று சீராக வந்தது. வாங்குவார் இல்லை.

நெடுநேரம் அவர் இணைப்பைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வாசல் வழியே வெளியே பார்த்தார். மதிலுக்கு மேல், பேரவையின் கொடி மெல்ல இறங்கிப் பாதிக் கம்பத்தில் நின்றது.

“பாத்தியா தம்பி” என்றார் அக்கா. “அதுக்குள்ள சேதி தெரிஞ்சு கொடிய இறக்கிட்டாங்க. நாம அவங்களப் பத்தி என்னென்னமோ பேசினோம். குப்பை பொறுக்கினவளுக்கு இப்படி ஒரு மரியாதை யாரு செய்வா? நல்ல மனசுக்காரங்கதான்.”

குழாய்க்காரர் நிமிர்ந்து கொடியைப் பார்த்தார்.

“ஆமாக்கா” என்றார்.